ஐந்து சைக்கிளும் ஓர் ஆட்டுக்கிடையும்

சைக்கிள் லோடு என்றால் நம் ஸ்டாண்டில் எல்லோருக்கும் இளக்காரம்தான். போன வாரம் ஒரு தம்பி என்னிடமே சொன்னான்: "அது என்ன லோடு அண்ணாச்சி, காத்த ஏத்திட்டுப் போற மாதிரி. வெயிட்டே கெடையாது." பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். கோவில்பட்டியில் புதிதாகப் பிக்கப் வண்டி வாங்கி ஓட்டும் தம்பிகள் அத்தனை பேருக்கும் இது சேர வேண்டும். அந்தத் தம்பிக்கு யாராவது இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

நான் ஏற்றாத லோடு இல்லை. தீப்பெட்டி பண்டல், கடலை மிட்டாய் டப்பா, வத்தல் மூட்டை, உளுந்து, பருத்தி, ஆடு, மாடு, கல்யாண வீட்டு அண்டா, ஒரு தடவை சாமி சப்பரம்கூட. கயிறு எப்படிப் போடுவது, முடிச்சு எப்படி, தார்ப்பாய் எந்தப் பக்கம் மடிப்பது என்பதெல்லாம் நான் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை. செல்போனில் பார்த்துக்கொள்வீர்கள். நல்லது. நான் சொல்ல வந்தது வேறு.

வண்டித் தொழிலில் நான் சேர்ந்த புதிதில் ஒரு லாரி டிரைவர் சொல்வார்: லோடை இறக்கிய பிறகு கழுத்தைத் திருப்பாதே. அந்தச் சரக்கு எங்கே போகிறது, யாருக்கு, என்ன ஆயிற்று என்றெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டால் அடுத்த லோடில் கவனம் இருக்காது என்பார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. நானும் அப்படியே இருந்தேன். இறக்கினேனா, சீட்டில் காலை நீட்டினேனா, தூங்கினேனா என்று காலம் போயிற்று. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரே ஒரு நாள் அந்த வழக்கம் தப்பியது. அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர், வெளியூரில் படித்துவிட்டு வந்தவர், சில பெண்களைச் சேர்த்து மலைச் சைக்கிள் பழக்கிக்கொண்டிருந்தார். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், கல்லிலும் மேட்டிலும் ஏறி இறங்குகிற சைக்கிள். குருமலைப் பக்கம் காட்டுப் பாதையில் அந்தப் பெண்கள் புழுதி பறக்கப் போவதை நான் பார்த்திருக்கிறேன். பணக்கார வீட்டு விளையாட்டுச் சாமான் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மேற்கே மலை அடிவாரத்தில் ஒரு போட்டி. மலைமேலே இருந்து ஒவ்வொருவராகச் சைக்கிளில் இறங்க வேண்டும். யார் சீக்கிரம் இறங்குகிறார்களோ அவர்களில் சிலரை மாநில அணிப் பயிற்சிக்கு எடுப்பார்கள். டீச்சர் என் வண்டியைப் பேசினார். ஐந்து சைக்கிள். நாலு பெண்கள் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விட்டார்கள். பின்னால் ஆள் ஏற்றுவதில்லை என்பதில் நான் கறார். முன்சீட்டில் டீச்சரும் மாரி என்ற பெண்ணும் மட்டும்.

மாரிக்குப் புதூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் வெள்ளாடு வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஆட்டுக்குப் பின்னால் ஓடி வளர்ந்த பிள்ளை. அந்த வருஷத்தோடு அவளுக்கு அந்தப் பிரிவில் வயது முடிகிறது. இந்தத் தடவை எடுபடவில்லை என்றால் அப்புறம் இல்லை. இதை டீச்சர் என்னிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சைக்கிளுக்கு ஒரு கீறல் விழக்கூடாது அண்ணாச்சி. மாரி ஓட்டுதது ஒருத்தங்க இரவல் குடுத்தது. கார்பன் பிரேம்." கார்பன் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. இரும்பைவிட லேசு, இரும்பைவிட உறுதி என்றார். அவ்வளவு உறுதி என்றால் எதற்கு இத்தனை பயம் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஐந்தையும் வரிசையாக ஒரே திசையில் நிறுத்தி, நடுக் குழாயில் நைலான் கயிற்றைக் கொடுத்து, தீப்பெட்டி பண்டலை இறுக்குவது போலக் காலை வைத்து இழுக்கப் போனேன். நம் ஊர்க் கட்டு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கயிற்றைச் சுண்டினால் சத்தம் வர வேண்டும்.

"அண்ணாச்சி, விடுங்க! விடுங்க!" என்று மாரி ஓடிவந்தாள்.

"ஏம்மா, கட்ட வேண்டாமா? கயத்தாறு வரதுக்குள்ள ரோட்டுல கெடக்கும்."

"அந்தக் குழாய்ல கட்டுதீங்க. நெருக்குனா உள்ளுக்குள்ள நொறுங்கிரும். வெளிய தெரியாது. மலையில இறங்கும்போது ரெண்டாப் பிரியும்."

"பெறகு எங்கன கட்ட?"

"சக்கரத்துல கட்டுங்க. சீட்டுக் கம்பியில கட்டுங்க. குழாய மட்டும் தொடாதீங்க." சொல்லிவிட்டு, கட்டியிருந்த வரிசையைப் பார்த்தாள். "இப்பிடி எல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னா ஹேண்டில் ஹேண்டில முட்டும். ஆட்ட ஏத்துத மாதிரி ஏத்துங்க அண்ணாச்சி. ஒண்ணு முன்னப் பாத்து, ஒண்ணு பின்னப் பாத்து. ஒண்ணுக்கு ஒண்ணு சாஞ்சுகிடும். பிரேக் போட்டாலும் விழாது. எங்க அய்யா இப்பிடித்தான் ஏத்துவாவ."

எனக்கு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன. என் வண்டியில் எனக்கு ஆடு ஏற்றச் சொல்லிக் கொடுக்கிறாளே என்று இருந்தது. ஆனால் தொழிலில் ஒன்று உண்டு தம்பிகளே. சரக்கு யாருடையதோ, அது எந்த இடத்தில் தாங்கும் எந்த இடத்தில் தாங்காது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவள் சொன்னபடி செய்தேன். தலைமாடு கால்மாடாக ஐந்தையும் நிறுத்தினோம். இடையிடையே பழைய போர்வையை மடித்துச் செருகினோம். சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தேன், அதை வைத்துச் சக்கரங்களைத் தளத்தோடு கட்டினோம். வெளிப்பக்கம் மட்டும் பெல்ட். முடித்துவிட்டு வண்டியின் பக்கவாட்டுத் தகட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். வண்டிதான் ஆடியது. சைக்கிள் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

காலையில் கிளம்பிக் கயத்தாறில் நிறுத்தினோம். டீச்சர் டீ வாங்கிக் கொடுத்தார். நான் பின்னால் போய் ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து மேற்கே பிரிந்தோம். வைகாசி மாதம். முந்தின ராத்திரி அந்தப் பக்கம் நல்ல கோடை மழை. நிலம் பூராவும் கறுத்துக் கிடந்தது, வானம் வரைக்கும் வேறு நிறமே இல்லை. மழை விட்டதும் டிராக்டர்கள் காட்டுக்குள் போய் வந்திருக்கின்றன. அவற்றின் சக்கரத்தில் ஒட்டிய கரிசல் மண் தார்ச்சாலையில் அப்பிக் கிடந்தது. வெயில் ஏறினால் அது காய்ந்து உதிர்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது அதில் பிரேக்கைத் தொட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஆட்கள் எத்தனை பேர் அதில் வழுக்கிக் கிடந்திருக்கிறார்கள்.

ஒரு வளைவு. வேலிக்கருவைப் புதர் மறைத்த வளைவு. திரும்பினால் சாலை முழுக்க ஆடு.

செம்மறிக் கூட்டம். இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் கடந்துகொண்டிருந்தது. தலை குனிந்து, ஒன்றை ஒன்று ஒட்டி, செம்மறி எப்படிப் போகுமோ அப்படி. நடுவில் ஓர் அம்மாள் தோளில் குட்டியோடு நின்றாள். எனக்கும் அவளுக்கும் இடையில் ஈரக் கரிசல் அப்பிய தார்.

தம்பிகளே, இந்த இடத்தைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்பார்கள். என்ன யோசித்தீர்கள் அண்ணாச்சி என்று. யோசிப்பதற்கு நேரம் கிடையாது. ஆனால் மூன்று விஷயம் ஒரே நேரத்தில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தால் வண்டி பக்கவாட்டில் சறுக்கி அந்த அம்மாள் மேலேயே போய் முடியும். வலது பக்கம் மண் திட்டும் கல்லும், ஏறினால் கவிழும். இடது பக்கம் மானாவாரிக் காடு, சாலையோடு சமமாக, மழை குடித்த கரிசல். கரிசலுக்குள் போனால் வண்டி மாட்டும். மாட்டினால் போட்டி போயிற்று. அதுவும் தெரிந்தது. மாரிக்கு வயசு முடிகிற விஷயம் உட்பட எல்லாம் தெரிந்தது. கால் பிரேக்கைத் தேடிப் போனது. அதைத் தூக்கி வைத்துவிட்டு, கியரை இறக்கி, ஸ்டியரிங்கை இடது பக்கம் மெதுவாகத் திருப்பினேன். வெட்டித் திருப்பவில்லை. தண்ணீருக்குள் இறங்குவது போல வண்டி காட்டுக்குள் இறங்கியது. கரிசல் நாலு சக்கரத்தையும் பிடித்து, கொஞ்ச தூரம் இழுத்துப் போய், அப்படியே உட்கார வைத்துவிட்டது.

டீச்சர் கண்ணைத் திறக்கவே இல்லை. மாரி கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். ஐந்து சைக்கிளும் நின்றன. ஒன்றாவது விழுந்திருக்க வேண்டுமே! இல்லை. ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து, காலையில் எப்படி நிறுத்தினோமோ அப்படியே நின்றன. அந்தப் பிள்ளையின் அய்யா எங்கோ புதூர்க் காட்டில் ஆட்டை ஏற்றிப் பழகிய பழக்கம் இங்கே ஐந்து சைக்கிளைக் காப்பாற்றிவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் அடுத்த கதை. வண்டியை எடுத்துப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. சுற்றச் சுற்ற இன்னும் கொஞ்சம் இறங்கியது. அச்சு வரைக்கும் மண். ஆடுகளுக்குப் பின்னால் வந்த கிடைக்காரரும், குட்டியோடு நின்ற அவர் மனைவியும் ஆட்டை ஓரங்கட்டிவிட்டு வந்து தள்ளினார்கள். நாங்களும் தள்ளினோம். கரிசல் விடுமா? டிராக்டருக்குப் போன் போட்டேன். டிராக்டர்க்காரர் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார், திரும்ப மத்தியானம் ஆகும் என்றார்கள். டீச்சர் போட்டி நடத்துகிறவர்களுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னார். பெயர் கொடுக்கிற நேரம் முடிந்தால் முடிந்ததுதான், யாருக்காகவும் நீட்டிக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலையில் வானம் மூடிக்கொண்டிருந்ததாம்.

மாரி தன் சைக்கிளின் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்ன செய்யுத?" என்றார் டீச்சர்.

"ரோடு வரைக்கும் தூக்கிட்டுப் போறேன் டீச்சர். அங்க இருந்து ஓட்டிட்டே போயிருதேன்."

"மலை எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? போய்ச் சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். மத்த நாலு பேரு சைக்கிளு?"

மாரி அவிழ்த்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கிடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள், தலையில் துண்டு. என்ன ஏது என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சொன்னார். கிடைக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் சாலையோரம் போனார்கள். அங்கே கிடைத் தட்டிகள் அடுக்கியிருந்தன. கம்பும் மூங்கில் பிளாச்சும் வைத்துக் கட்டிய தட்டிகள். ராத்திரி ஆடுகளை நிலத்தில் அடைக்க இவற்றை வட்டமாக நிறுத்துவார்கள். ஆட்டுப் புழுக்கை உரத்துக்காக நிலத்துக்காரர் கிடை போடச் சொல்லுவார். தட்டிதான் அவர்களுக்குச் சுவர், கதவு எல்லாம். அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாரி ஓடிப்போய் மறித்தாள். "வேண்டாம்! தட்டியப் போடாதிய. ஒடிஞ்சா ராத்திரி எப்பிடி அடைப்பிய?"

"நீ யாரு மகளே? உனக்கு எப்பிடித் தட்டியப் பத்தித் தெரியும்?"

"நாங்களும் ஆட்டுக்காரவியதான். புதூர் பக்கம்."

"அப்பம் உனக்கே தெரியும்லா. எங்க ஆட்டுக்காகத்தான அண்ணாச்சி வண்டியக் காட்டுக்குள்ள விட்டாவ. எம் பொண்டாட்டி மேல ஏறியிருக்க வேண்டிய வண்டி. தள்ளிப் போ தாயி."

பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு, முன்னால் இரண்டு. கொஞ்சம் நகர்ந்ததும் பின்னால் கிடந்ததை இழுத்து மறுபடி முன்னால். ஒவ்வொரு தடவையும் பிளாச்சு முறிகிற சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்கவே மனசு வரவில்லை. மிதிக்காமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில் வண்டி சாலையில் ஏறியபோது நாலு தட்டியும் சுள்ளியாகக் கிடந்தன.

நான் சட்டைப்பையில் கையை விட்டேன். கிடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதெல்லாம் பெறகு அண்ணாச்சி. நேரமாகுது. பிள்ளையக் கொண்டுபோய்ச் சேருங்க." அந்த அம்மாள் ஒரு குச்சியை எடுத்துச் சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தன் தட்டி ஒடிந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தோம். எப்படி என்று கேட்காதீர்கள். பெயர் கொடுக்கிற மேசையை மடக்கப் போன நேரம். நாலு பெண்களும் ஓடிவந்து சைக்கிளை இறக்கிக்கொண்டு போனார்கள்.

வழக்கப்படி நான் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. உடைந்த தட்டியும் அந்தப் பெண் நின்ற நிலையும் கண்ணுக்குள்ளேயே நின்றன. எழுந்து, கூட்டத்தோடு கூட்டமாக மலைப்பாதையில் கொஞ்ச தூரம் ஏறினேன். ஒரு பாறைக்குப் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பாறை என் உயரத்துக்கு மேலே, சுவர் மாதிரி செங்குத்து. இதில் ஆள் நடந்தே இறங்க முடியாது, வேறு வழியாக வருவார்கள் போல என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

மேலே மரங்களுக்குள் ஒரு சத்தம். கல் உருளுகிற சத்தம். மாரி வந்தாள். பாறையின் விளிம்பில் அவள் நிற்கவில்லை. யோசிக்கவில்லை. அப்படியே வந்தாள். சைக்கிளும் அவளும் தரையில் இல்லை. இரண்டு சக்கரத்துக்கும் கீழே எனக்கு மறுபக்கத்து மரம் தெரிந்தது. பிறகு சைக்கிள் கீழே விழுந்தது. முழு எடையோடு, கல்மேல். ஸ்பிரிங் உட்கார்ந்து எழும்பியது. குழாய் நடுங்கியது, தாங்கியது. என்மேல் சேற்றை வாரி அடித்துவிட்டு அவள் அடுத்த வளைவில் மறைந்துவிட்டாள்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் கையால் இறுக்கியிருந்தால் நொறுங்கியிருக்கும் என்று அவள் பதறிய அதே குழாய், மலையே மேலிருந்து தள்ளிவிட்டது போன்ற அந்த அடியைத் தாங்கிவிட்டது. பக்கத்திலிருந்து நெருக்கினால் தாங்காது, மேலிருந்து வருவது எதையும் தாங்கும். இப்படி ஒரு பொருளை மனுஷன் செய்திருக்கிறான். அதன்மேல் இப்படி ஒரு பிள்ளை உட்கார்ந்து வருகிறது. இத்தனை வருஷமாக எதை எதையோ ஏற்றி இறக்கினேன், ஒரு தடவையாவது அது போய் என்ன ஆகிறது என்று பார்த்தேனா? வாழ்க்கையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது குறைவு. அன்றைக்கு வந்தது. சாரல் விழுந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாரி எடுபட்டாள். அந்த ஐந்து பேரில் அவள் ஒருத்திதான். மறுநாள் சாயங்காலம் ரயிலில் சைக்கிளோடு பயிற்சிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நாலு பெண்களும் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். பிறகு அவர்கள் பஸ் ஏறினார்கள். நாங்கள் மூன்று பேரும் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

டீச்சர் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். மாரி சாலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வளைவு வந்ததும், "அண்ணாச்சி, இங்கன நிறுத்துங்க" என்றாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கிடை போட்டிருந்தார்கள். தட்டிகளின் வட்டம் ஒரு பக்கத்தில் வாய் பிளந்து கிடந்தது. அந்தப் பக்கம்தான் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பருத்தி, பச்சைப் பசேல் என்று. கிடைக்காரர் பிளந்த இடத்தில் ஒரு கயிற்றையும் சேலையையும் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு சேலைக்கு அடியில் தலையை விட்டு நுழைந்தது. அவர் மனைவி ஒவ்வொன்றாக இழுத்து உள்ளே தள்ளினாள். ஒன்றைத் தள்ளினால் இன்னொன்று.

"தட்டி கெடைக்கலையா?" என்று கேட்டேன்.

"முன்ன போன கிடையில சொல்லி விட்டிருக்கு. காலையிலதான் வரும்" என்றார். "பருத்திக்காரவிய வந்து சொல்லிட்டுப் போயிட்டாவ. ஒரு ஆடு வாய வச்சாலும் கிடையக் கலச்சிருவேன்னு. ரெண்டு பேரும் முழிச்சு நின்னு பாத்துக்கிடுவோம். பிள்ளை ஜெயிச்சுட்டாளா?"

"ஜெயிச்சுட்டா" என்றேன். இரண்டு பேர் முகமும் மலர்ந்தது பாருங்கள். அவர்களுக்கு அவள் யார்?

இரண்டு பேர் இத்தனை ஆட்டை ராத்திரி முழுக்கக் கையால் தடுத்து நிறுத்த முடியாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். வண்டியைக் குறுக்கே விடலாம் என்று நான் பார்த்தேன். மண் இன்னும் காயவில்லை. விட்டால் காலையில் கதை மறுபடி ஆரம்பத்தில் இருந்து.

மாரி வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். சைக்கிள்களைப் பார்த்தாள், பிளந்த இடத்தைப் பார்த்தாள். "டீச்சர், அஞ்சையும் குறுக்க நிறுத்தினா சரியா இருக்கும்."

டீச்சருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "உனக்கென்ன பைத்தியமா?" என்றார். "நாளைக்கு ட்ரெயின். கிடாய் ஒரு இடி இடிச்சா பிரேம் போச்சு. பிரேம் போனா நீ எத வச்சு ஓட்டுவ? அது நம்ம சைக்கிளா மொதல்ல? மத்தது மத்த பிள்ளைகளுது." கோபம் இல்லை அதில், பயம்தான். மூன்று வருஷம் அந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஓடிய மனுஷி.

மாரி போனை எடுத்தாள். சைக்கிள் இரவல் கொடுத்தவரிடம் முதலில் பேசினாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "சரிங்க, சரிங்க" என்றாள். அடுத்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஏட்டி, உங்க சைக்கிள ஒரு ராத்திரி ஆட்டுக் கிடைக்கு விடணும்."

"எதுக்கு விடணும்?"

"கிடைக்கு. தட்டி இல்ல."

பஸ் சத்தத்துக்கு நடுவே நாலு பெண்களும் சிரித்தார்கள். "விடு, விடு. என் சைக்கிள்ல புழுக்கை போட்டா நீதான் கழுவணும்" என்று ஒருத்தி கத்தினாள்.

மாரி டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர், காலையில அவிய தட்டியக் கொண்டாரும்போது ராத்திரிக்கு என்ன செய்யன்னு யோசிச்சாவளா?"

டீச்சர் ஷூவைக் கழற்றி வண்டிக்குள் போட்டார். பேன்ட்டை மடித்துவிட்டு, கரிசலுக்குள் இறங்கி, மாரியின் சைக்கிளைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். உருட்டினால் மண் அப்பிக்கொள்ளும், அதனால் ஐந்தையும் தூக்கியே கொண்டுபோனோம். ஒடிந்த தட்டியின் கம்புகளை நட்டு, சக்கரங்களைக் கம்போடு டியூபால் கட்டினோம். இடைவெளியில் என் போர்வைகளைத் தொங்கவிட்டோம். குழாயை மட்டும் யாரும் தொடவில்லை. கிடைக்காரர் ஒவ்வொரு கட்டையும் பார்த்துவிட்டு, ஆடுகளை மறுபடி உள்ளே ஒதுக்கினார். ஒரு கிடாய் வந்து முன் டயரை மோந்து பார்த்தது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சுவிடவில்லை. அது திரும்பிக்கொண்டு படுத்துவிட்டது.

டீச்சரைக் கயத்தாறில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அவருக்குக் காலையில் பள்ளிக்கூடம் இருந்தது. மாரி வரவில்லை. கிடைக்காரர் மனைவியோடு கிடை ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். நான் வண்டியில் படுத்தேன்.

விடிந்து, நன்றாக வெளிச்சம் வந்தபோது முன்னால் போன கிடையிலிருந்து ஒருவர் தட்டிகளைக் கொண்டுவந்து போட்டார். கிடைக்காரர் கிடையைத் திறந்து ஆடுகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டு எண்ண ஆரம்பித்தார். அவர் மனைவி இந்தப் பக்கம் நின்று தனியாக எண்ணினாள். மாரியும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு நின்றாள். அவளுடைய சைக்கிள் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் பொறுக்கமாட்டாமல், "பிரேமப் பாரும்மா, என்ன ஆச்சுன்னு பாரு" என்றேன். அவள் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். கடைசி ஆடும் வெளியே போனது. "கொறையல தாயி, ஒண்ணும் கொறையல" என்றார் கிடைக்காரர். அவர் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவள் சைக்கிள் பக்கம் திரும்பினாள்.